உன் பக்கம், என் பக்கம்

கணக்கு டீச்சர் பேக்கரிக்குள் நுழைந்தபோது காலை ஏழு மணி இருக்கும். முதல் ஈட்டு ரொட்டி வெளியே வந்து கம்பித் தட்டுகளில் ஆறிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்க்கும் டிரைவிங் மாஸ்டரின் மனைவி இரண்டாவது ஈட்டுக்கு மாவை வெட்டி, உருட்டி, எண்ணெய் தடவிய அச்சுகளில் போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. நெற்றி வியர்வையைத் தோளால் துடைத்துத் துடைத்து ரவிக்கையின் தோள்பட்டையும் வெள்ளையாகியிருந்தது.

ரிட்டயர் ஆனதும் கார் ஓட்டக் கற்றே தீர்வது என்று கிளம்பியவர் டீச்சர். நாலு தடவை டெஸ்டில் தோற்றாயிற்று. ஐந்தாவது தடவைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூலில் இவ்வளவு நாள் படித்த மாணவர் வேறு யாரும் கிடையாது.

"வாங்க டீச்சர். ரொட்டி இன்னும் சூடா இருக்கு, வெட்ட வராது. கொஞ்ச நேரம் ஆகும்."

"நான் ரொட்டி வாங்க வரலம்மா. கோள் சொல்ல வந்தேன்."

"யாரைப் பத்தி?"

"உங்க வீட்டுக்காரரைப் பத்தித்தான். நேத்து என்னை ஒன்வேக்குள்ள விட்டுட்டார்."

அவள் கை நின்றது. "அவரா?"

"லெஃப்ட்ல திரும்புங்கன்னு வாய் சொல்லுது, கை ரைட்டைக் காட்டுது. நான் வாத்தியார் ஜாதி, வாய் சொல்றதைத்தான் கேட்பேன். திரும்பிட்டேன். எதிர்ல பால் வண்டி!"

"ஐயையோ. பிரேக் போட்டாரா?"

"அதெல்லாம் டாண்ணு போட்டார். அதுல குறையே சொல்ல முடியாது. அப்புறம் என்னையே திட்டறார், 'லெஃப்ட் எது ரைட் எதுன்னு தெரியாமலா இத்தனை வருஷம் பாடம் எடுத்தீங்க'ன்னு." டீச்சர் குரலைத் தணித்தார். "திட்டினது பரவால்ல. நானும் நிறையப் பேரைத் திட்டியிருக்கேன். ஆனா இது மூணாவது தடவைம்மா. முதல் தடவை என் தப்புன்னு நினைச்சேன். ரெண்டாவது தடவையும் என் தப்புன்னே நினைச்சேன். மூணு தடவை ஒரே மாதிரி வந்தா அது தப்பில்ல, கணக்கு."

அதற்குமேல் டீச்சர் நிற்கவில்லை. ரொட்டியும் வாங்காமல் போய்விட்டார்.

மாஸ்டரின் மனைவி மிச்ச மாவை உருட்டினாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மனசு வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. போன வாரம் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். சுவர்ப் பலகையில் யார் யாருக்கு எத்தனை மணிக்குப் பாடம் என்று அவர் எழுதுவதில் ஆறும் ஒன்பதும் இடம் மாறியிருந்தன. காலையில் எழுந்ததும் தலைவலி என்று மாத்திரை போடுவது பதினைந்து நாளாக நடக்கிறது. கண்ணாடி மாற்றணும் என்று அவர் சொன்னார், அவளும் சரி என்று விட்டுவிட்டாள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது மூன்று வருஷத்துக்கு முந்திய அந்தக் குதிகால் ஞாபகம் வந்தது.

இடது குதிகாலில் ஒரு கறுப்புப் பொட்டு. கிரீஸ் கறை என்றார் மாஸ்டர். அவரும் வண்டிக்கு அடியில் படுத்து எழுகிற ஆள்தான், அதனால் அவளும் நம்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காலை மடியில் போட்டுக்கொண்டு கல்லால் தேய்தேய் என்று தேய்த்தாள். கூச்சத்தில் அவர் துள்ளினார், இருவரும் சிரித்தார்கள். கறை போகவில்லை. நாலு மாதத்தில் அது ஒரு பக்கம் வழிந்து, சொரசொரப்பாகி, சிவந்து நீர் கசியத் தொடங்கியதும்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோல் புற்று என்றார்கள். வெயில் படாத பாதத்திலும் அது வருமாம். அந்த இடத்தைத் தோண்டி எடுத்து, தொடைத் தோலை வெட்டி ஒட்டி, இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு நெறிக்கட்டியையும் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் அவர் மறுபடி கிளச் மிதித்தார். பயம் மெல்ல மெல்லக் கரைந்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டிவிட்டு வருவதோடு சரி என்று ஆகிவிட்டிருந்தது.

அன்று மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் எதிரில் போய் நின்றாள்.

"என்னங்க, உங்க வலது கையைத் தூக்குங்க."

"எதுக்கு? மோதிரம் வாங்கிப் போடப் போறியா?"

"தூக்குங்களேன்."

அவர் இடது கையைத் தூக்கினார்.

"வலது கை."

"இதுதானே?" அந்தக் கையையே ஆட்டிக் காட்டினார். அவள் முகத்தைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். தன் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்து, யாரோ வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல மாறி மாறிப் பார்த்தார். ஊரில் பாதிப் பேருக்கு இடது வலது சொல்லிக்கொடுத்த மனுஷன்.

"இது எது?" என்று அவளையே கேட்டார்.

அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

நாத்தனார் பஸ் டிரைவர். அண்ணனிடம் கற்றவள்தான், ஆனால் அண்ணனைவிட நன்றாக ஓட்டுவதாக அவளுக்கு எண்ணம், அது உண்மையும்கூட. மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்து, அண்ணன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரி இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, பக்கத்து நகரத்தில். வழி நெடுக மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். அது பாடம் சொல்லிக்கொடுக்கிற வண்டி, அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளச் உண்டு.

"அண்ணா, நீ மிதிச்சா வண்டி நிக்குது!"

"நீ ஓட்டற லட்சணத்துக்கு நிக்கட்டும்."

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா உயரம் குறைந்தவர், ஓட்டப்பந்தயத்துக்குப் போகிற மாதிரி ஷூ போட்டிருந்தார். படத்தைத் திரையில் போட்டு, பேனா முனையால் தொட்டுக் காட்டினார். இரண்டு வெள்ளைப் புள்ளிகள். ஒன்று பட்டாணி அளவு, இன்னொன்று மிளகு அளவு. பட்டாணியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வீக்கம்.

"குதிகால்ல இருந்த அதே நோய்தான். இது மூளையில பிறந்தது இல்ல. தோல்ல பிறந்து, ரத்தத்தோட மூளைக்குப் போயிருக்கு. பெரிய புள்ளி இருக்கற இடம்தான் இடது வலது, எண்ணு, கணக்கு இதையெல்லாம் பார்த்துக்கற இடம். அதைச் சுத்தி இருக்கற வீக்கம்தான் இப்ப குழப்பறது."

மாஸ்டரின் மனைவிதான் வாயைத் திறந்தாள். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "டாக்டர், அந்தப் பொட்டை நான் கல்லால தேய்ச்சேன். நல்லா அழுத்தித் தேய்ச்சேன். அதனாலதான் உள்ள போயிடுச்சா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை நாளா இதைத் தூக்கிட்டுத் திரியறீங்க?"

"ஆபரேஷன் நடந்த நாள்லேர்ந்து."

"நீங்க தேய்ச்சதால வரலைம்மா. தேய்ச்சதால பரவவும் இல்ல. இங்கேயே இறக்கி வெச்சுட்டுப் போங்க."

நாத்தனார் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். மாஸ்டரும் பார்த்தார். "பைத்தியம்," என்றார் மெதுவாக. அந்த அறையில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பிறகு கேட்டார், "ரெண்டு புள்ளியையும் என்ன பண்ணலாம்?"

"முதல்ல வீக்கத்துக்கு மாத்திரை. அப்புறம் ஒரே நாள்ல, கத்தி இல்லாம, கதிரைக் குறி வெச்சு அந்த ரெண்டு இடத்தை மட்டும் அடிப்போம். அதுக்கப்புறம் மூணு வாரத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸ். உங்க உடம்போட சொந்தப் படையை எழுப்பிவிடற ரெண்டு மருந்து. சில பேருக்கு ரொம்ப நல்லாக் கேட்குது, சில பேருக்குக் கேட்கல. நீங்க எந்தப் பக்கம்னு மூணு மாசம் கழிச்சு ஸ்கேன்தான் சொல்லும். நானா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சரி டாக்டர்."

"இன்னொண்ணு. வண்டி ஓட்டக் கூடாது. எப்ப வேணா ஃபிட்ஸ் வரலாம். பக்கத்துல உட்கார்ந்து ரோட்டுல பாடம் எடுக்கறதும் வேண்டாம்."

நோயின் பெயரைக் கேட்டபோது அசையாத மனுஷன் இதற்கு எழுந்தே நின்றுவிட்டார். "எவ்வளவு நாளைக்கு?"

"இப்போதைக்கு நாள் கணக்கே வேண்டாம்."

மாத்திரை தொடங்கி நாலே நாளில் தலைவலி பறந்துவிட்டது, இடது வலதும் பாதி திரும்பி வந்தது. கூடவே பசி வந்தது. அப்படி ஒரு பசியை அந்த வீடு கண்டதில்லை. ஒரு முழு ரொட்டியை வெண்ணெய் தடவி உட்கார்ந்த இடத்தில் முடித்துவிட்டு, "அடுத்த ஈடு எப்ப?" என்பார். பேக்கரி முதலாளி விஷயம் தெரிந்து தினமும் ஓரம் கருகிய ரொட்டியாகப் பார்த்து இரண்டு எடுத்து வைத்தார். கருகாத நாளிலும் ஏதோ ஒன்றைக் கருகியது என்று அவர் சொல்லிக்கொண்டார்.

கதிர் கொடுக்கிற நாளில் முகத்துக்கு வலைபோல ஒரு மூடி செய்து தலையை அசையாமல் மேஜையோடு பூட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தார். கன்னமெல்லாம் கட்டம் கட்டமாகத் தடம்.

"வலிச்சுதாங்க?"

"வலியெல்லாம் இல்ல. முப்பத்தோரு வருஷத்துல முதல் தடவையா ஒரு மணி நேரம் யாரையும் திட்டாம இருந்தேன். அதுதான் கஷ்டமா இருந்தது."

மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். பசியும் படிப்படியாக அடங்கியது. முதல் டிரிப்ஸுக்கு நாத்தனார் மறுபடி லீவு போட்டாள். இரண்டாவதுக்கு லீவு கிடைக்காது என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள், கெஞ்சிக் கூத்தாடி யாரோடோ டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்தாள். மூன்றாவதற்கு என்ன செய்வது? பஸ் என்றால் இரண்டு மாற வேண்டும். டிரிப்ஸ் ஏறிய உடம்போடு அவர் நின்றுகொண்டு வர முடியாது. பிள்ளைகள் இல்லை. அதற்காக அழுது முடித்து இருபது வருஷம் ஆகிவிட்டது. வீட்டு வாசலில் கார் நின்றது, சாவி ஆணியில் தொங்கியது, ஓட்டத்தான் ஆளில்லை.

உண்மையில் முதல் டிரிப்ஸிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். சாயங்காலம் அவர் சும்மா உட்கார்ந்து வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையில்தான் துடைத்திருந்தார்.

"என்னங்க, எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுங்க."

துணி நின்றது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை முயன்றது இருவருக்கும் ஞாபகம் இருந்தது. பக்கத்து வீட்டுத் துணிக்கொடியை இழுத்துக்கொண்டு வண்டி போக, அவர் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். அவள் சாவியை எடுத்து அவர் மடியில் போட்டுவிட்டு இறங்கி நடந்தாள். நாலு கிலோமீட்டர். பின்னாலேயே அவர் நடை வேகத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு, "ஏறும்மா, ஏறும்மா," என்று வந்தார். ஏறவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழுந்ததில்லை.

"கோவிச்சுட்டு இறங்கிப் போயிடுவியா?"

"நீங்க கத்துவீங்களா?"

"கத்துனா மண்டைக்கு நல்லதில்லைன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"அப்படி அவங்க சொல்லவே இல்லையே."

"நான் சொல்றேன்."

பேக்கரிக்குப் பின்னால் மாவு லாரிகள் திரும்புகிற பெரிய முற்றம் ஒன்று உண்டு. சுற்றிலும் மதில், இரும்புக் கதவு. மூன்று மணிக்குமேல் லாரி வராது. முதலாளி கதவைச் சாத்திக் கொடுத்தார். "சுவர் மட்டும் பழைய சுவர், பார்த்துக்கம்மா," என்று மட்டும் சொன்னார்.

முதல் நாள் வண்டி பதினோரு தடவை ஆஃப் ஆனது. மாஸ்டர் எண்ணினார், ஆனால் கத்தவில்லை.

"காலை டபக்குன்னு எடுக்காதே. மாவு புளிச்சு மேல வர்ற மாதிரி வரணும் கிளச். அவசரப்படுத்தினா வருமா?"

"வராது."

"அதான். வண்டி லேசா நடுங்கும் பாரு, அங்க நில்லு. இன்னும் எடுக்காதே. நடுங்குதா?"

"நான்தான் நடுங்கறேன்."

"ரெண்டு பேரும் நடுங்குங்க. பரவால்ல."

வண்டி நகர்ந்தது. மதில் நெருங்கியது. "லெஃப்ட்," என்றார். உடனே, "இல்ல, ரைட். இரு, எது..." என்று தடுமாறினார். அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். சும்மா இருக்கும்போது இடது வலது நன்றாகத்தான் வந்தது, அவசரத்தில்தான் அது கழன்று போகிறது. முகம் சுண்டிப் போயிற்று.

"இதுகூட வரலைன்னா நான் எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கேன்?" என்றார். "தங்கச்சியையே வரச் சொல்லு."

அவள் கைப்பிரேக்கை இழுத்து வைத்தாள்.

"எந்தப் பக்கம் திரும்பணும்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். அதோட பேருதான் மாறிப் போகுது."

"அப்ப பேரை விடுங்க. நீங்க உட்கார்ந்திருக்கற பக்கம் இருக்கு, நான் உட்கார்ந்திருக்கற பக்கம் இருக்கு. எந்தப் பக்கம்?"

அவர் யோசித்தார். "என் பக்கம்," என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

அதோடு அந்த வண்டியில் இடதும் வலதும் ஒழிந்தன. "என் பக்கம் ஒரு சுத்து. உன் பக்கம் கண்ணாடியைப் பாரு. உன் பக்கமா போய் என் பக்கமா வா." மதிலுக்கு அப்பால் சைக்கிளில் போன பால்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, மாஸ்டரும் சம்சாரமும் உள்ளே வைத்துச் சொத்துப் பிரிக்கிறார்கள் என்று கடைத்தெருவில் சொல்லிவைத்தார்.

மாவு மணக்கிற முற்றத்தில் தினமும் ஒன்றரை மணி நேரம். மூன்றாவது வாரம் அவள் ரிவர்ஸில் வந்து இரண்டு பீப்பாய்க்கு நடுவே நிறுத்தினாள். பீப்பாயில் படவில்லை. அவர் இறங்கிப் போய் இடைவெளியைச் சாண் போட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, "ம்," என்றார். அவரிடமிருந்து "ம்" வாங்க மற்றவர்களுக்கு ஆறு வாரம் ஆகும்.

ரோட்டில் ஓட்டும்போது நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய பாணி வேறு. பஸ் ஓட்டுகிறவளுக்கு எதிரில் வருவதெல்லாம் பூச்சிதான்.

"அண்ணி, போங்க. அவன் ஒதுங்குவான்."

"லாரிடீ அது!"

"லாரின்னா என்ன? அவனுக்கும் ஊர் போய்ச் சேரணும்ல?"

டெஸ்ட் அன்று கணக்கு டீச்சரும் வந்திருந்தார், ஐந்தாவது முயற்சி. இருவரும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள். மாஸ்டரின் மனைவி முதலில் போய் வண்டியில் ஏறினாள், ஆபீசர் வந்து பக்கத்து சீட்டில் அமர்ந்தார். சிடுசிடுப்பான ஆள், மடியில் அட்டை.

"முன்னாடி போய் இடது பக்கம் எடுங்க."

இடது. இத்தனை நாள் அந்த வார்த்தை இல்லாமலே ஓட்டியாயிற்று. மாஸ்டர் உட்காருகிற பக்கம் என்று மனசுக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவர் இருந்தால் அவர் முழங்கை இருக்கும் ஜன்னலைப் பார்த்துத் திருப்பினாள். ஆபீசர் தன்னையே அவள் ஏன் அவ்வளவு பிரியமாகப் பார்க்கிறாள் என்று புரியாமல் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

அவள் தேறினாள். டீச்சர் தோற்றார், இந்தத் தடவை நடைபாதைக் கல்லில் ஏற்றி. "போகட்டும்," என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "தேறிட்டா அப்புறம் சாயங்காலத்துல எங்க போறதுன்னு நானே கவலைப்பட்டுட்டிருந்தேன்." உண்மையும் அதுதான். மாஸ்டர் இப்போது வீட்டு முன்னறையில் மேஜைமேல் பொம்மைக் கார்களை வைத்து ரோட்டு விதி மட்டும் நடத்திக்கொண்டிருந்தார், டீச்சர் அங்கே முதல் வரிசை.

மூன்றாவது டிரிப்ஸுக்கு அவளே ஓட்டிப் போனாள். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் வந்தார். "கியரை மாத்து. மாத்திட்டியா? ஏன் மாத்தினே? ஹாரன் அடி. போதும்." ஆஸ்பத்திரி வந்தபோது அவளுக்குக் காது இரண்டும் நமநமவென்றிருந்தன. டிரிப்ஸ் இறங்குகிற இரண்டு மணி நேரம்தான் அவளுக்கு ஓய்வு.

பத்தாம் நாள் அவருக்கு வயிறு போக ஆரம்பித்தது. காலையில் நாலு தடவை, மதியத்துக்குள் எட்டு. கடைசியில் ரத்தம் கலந்து வந்தது. காய்ச்சலும் ஏறியது. இப்படி ஏதாவது வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் இருந்தது. அவள் போன் பண்ணினாள்.

"உடனே கூட்டிட்டு வாங்க," என்றது அந்தப் பக்கத்துக் குரல். "மருந்து எழுப்பிவிட்ட படை குடலையே அடிக்குது. நிறுத்தறதுக்கு ஊசி இருக்கு. ஆனா சீக்கிரம் வரணும்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸுக்குக் கேட்டால் பாலத்துப் பக்கம் மரம் விழுந்திருக்கிறது, சுற்றி வர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். நாத்தனார் எங்கேயோ பஸ்ஸோடு மழையில் மாட்டியிருந்தாள், போனை எடுக்கவில்லை.

அவள் பின் சீட்டில் பழைய துண்டுகளை விரித்தாள். ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்தாள். அவரைத் தோளில் தாங்கி நடத்தி வந்து, முழங்கால் மடக்கிப் படுக்க வைத்தாள். பக்கத்து சீட் காலியாக இருந்தது. பிரேக் பிடிக்க அங்கே யாருமில்லை.

மார்க்கெட் தெரு வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். கண்ணாடித் துடைப்பான் இந்தப் பக்கம் தள்ளுகிற தண்ணீர் அடுத்த வீச்சுக்குள் திரும்பி வந்து நின்றது. முன்னால் ஒரு காய்கறி லாரி, அதன் பின்விளக்கு ஒன்று எரியவில்லை. அவள் எரிகிற விளக்கைப் பிடித்துக்கொண்டு போனாள். மேட்டில் லாரி நின்றது. அவளும் நின்றாள். பின்னால் இன்னொரு வண்டி ஒட்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது. கைப்பிரேக்கைச் சுண்டி இழுத்தாள். பின் சீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"என்னங்க, முழிச்சிருக்கீங்களா?"

"ம்."

"ஏதாவது சொல்லுங்களேன். கிளச்னு சொல்லுங்க, கியர்னு சொல்லுங்க. திட்டவாவது திட்டுங்க."

பதில் வர நேரமானது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "எதுக்குத் திட்டணும்? நீ நல்லாத்தான் ஓட்டறே."

லாரி நகர்ந்தது. அவள் கிளச்சை விட்டாள், நடுக்கம் வந்தது, நின்றாள், கைப்பிரேக்கை இறக்கினாள். வண்டி பின்னால் ஓர் அங்குலமும் போகாமல் மேடேறியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

ஒரு மணி ஐந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில், ஆம்புலன்ஸ் நிறுத்துகிற இடத்தில், கோணலாக நிறுத்தினாள். காவலாளி ஓடி வந்தார். பின் சீட்டைப் பார்த்ததும் திட்ட வந்தவர் ஸ்டிரெச்சரைக் கூப்பிட்டார்.

ஊசிக்குக் குடல் மூன்றாம் நாளே கேட்டது. ஒன்பது நாள் படுக்கை. அவள் பகலெல்லாம் பக்கத்தில் இருந்தாள், பேக்கரி முதலாளி தன் மனைவியை வைத்து மாவு உருட்டிக்கொண்டார். நாத்தனார் தினமும் டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்து, அண்ணனுக்கு வந்த சூப்பைத் தான் குடித்துவிட்டுப் போனாள். எட்டாம் நாள், எப்படியும் எடுக்க வேண்டிய ஸ்கேனை அங்கேயே எடுத்தார்கள்.

டாக்டரம்மா படுக்கைக்கே படத்தோடு வந்தார். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மிளகு இல்ல," என்றார். "தேடிப் பார்த்துட்டேன், காணல. பட்டாணி இருக்கு, ஆனா பாதிகூட இல்ல. வீக்கம் வத்திடுச்சு. புதுசா எங்கயும் ஒண்ணும் இல்ல."

மாஸ்டரின் மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப சரியாயிடுச்சா டாக்டர்?"

"சரியாயிடுச்சுங்கற வார்த்தையை நான் சொல்றதில்லம்மா. அடங்கியிருக்கு. நல்லாவே அடங்கியிருக்கு. குடல் தேறினதும் ஒரு மருந்தை விட்டுட்டு இன்னொண்ணை மட்டும் தொடரலாம். மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்."

"மூணு மாசம்," என்றார் மாஸ்டர். அந்த அளவை மனசுக்குள் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "ஒரு பேட்ச் முடிஞ்சு அடுத்த பேட்ச் சேர்ற நேரம். போதும் டாக்டர். அப்படி அப்படியே போகலாம்."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். மழை ஓய்ந்து, ரோடு கழுவிவிட்டதுபோல இருந்தது. நல்ல வெயில். அவர் மெலிந்து போயிருந்தார், சட்டை ஆணியில் மாட்டியது மாதிரி தோளில் தொங்கியது. அவள் முன்கதவைத் திறந்து விட்டாள். அவர் அதைத் தாண்டிப் போய்ப் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

"முன்னாடி வாங்க. படுக்கணுமா? முடியலையா?"

"முடியுது. முன்னாடி உட்கார்ந்தா என் வாய் சும்மா இருக்காது. அன்னிக்குப் பின்னாடி படுத்துட்டு வந்தப்பதான் தெரிஞ்சுது, நான் இல்லாட்டியும் வண்டி போகுதுன்னு. நீ ஓட்டு."

அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள். ஊரைத் தாண்டும் வரைக்கும் பின்னாலிருந்து பேச்சே இல்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தாள்.

"ஏம்மா, இங்க ஆறு இருக்கா?"

"என்ன கேள்வி இது? எப்பவும்தான் இருக்கு. பாலம் எதுக்குக் கட்டியிருக்காங்க?"

"பாலம் தெரியும். பாலத்துல ஓவர்டேக் பண்ணக் கூடாது, அது தெரியும். ஆறு இவ்வளவு அகலம்னு தெரியாது." ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "அதோ பாரு, அந்த மாடியில ஒருத்தன் புறா வளர்க்கறான். எத்தனை புறா! இந்த ரோட்டுல முப்பத்தோரு வருஷமா போறேன். ரோட்டையும், பக்கத்துல இருக்கறவங்க காலையும் தவிர ஒண்ணையும் பார்த்ததில்ல."

"கையை உள்ள வைங்க."

"வெச்சாச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "கொஞ்சம் மெதுவா போயேன்," என்றார்.

"நாப்பதுலதானே போறேன். இதுக்கும் பயமா?"

"பயந்து சொல்லல. பார்க்கறதுக்கு."

பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. அவள் மூன்றாவது கியருக்கு இறக்கினாள்.